பாசிமணிப் பலகை

டப்பாப் பட்டறையின் சத்தம்தான் முதலில் வரும். வாசல் பிறகு. தாராவியின் அந்தச் சந்தில் மழைக்காலத்தில் தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய்கள் தண்ணீர் சுமந்து தொங்கும். எதிரே வருகிறவர் நிழலாகத்தான் தெரிவார். சண்முகவடிவு தூக்குவாளியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, சந்து திரும்பும் இடத்தில் தினமும் சற்று நிற்பாள். காதைக் கொடுப்பாள்.

உள்ளே மூன்று சுத்தியல்கள் விழுந்துகொண்டிருக்கும். இரண்டு அவசரக் கைகள். மூன்றாவது ஒரு தட்டுத் தட்டும், மூச்சு வாங்குவதுபோல் நிற்கும், பிறகு அடுத்த தட்டு. அது அவள் கணவன் வெயிலுமுத்து. அது காதில் விழுந்த பிறகுதான் அவள் கால் நகரும்.

எண்ணெய் டின்கள் வந்து சேரும் பட்டறை அது. ஓட்டல்களும் மிட்டாய்க் கடைகளும் காலி செய்து எறிந்த டின்களை முதலில் பெரிய அண்டாவில் சோடா கரைத்த காரத்தண்ணீர் விட்டு வேகவைப்பார்கள். பழைய எண்ணெய் கறுப்பாகக் கழன்று மேலே மிதக்கும். அந்த ஆவி கண்ணைக் கரிக்கும், தொண்டையில் போய் உட்காரும். பிறகு டின்னின் வாய்க்குள் இரும்புக் கம்பியை விட்டு, உள்ளிருந்து வெளியே தட்டித் தட்டி ஒடுக்கெடுக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் தகரம் கிழிந்துவிடும். மெல்லத் தட்டினால் ஒடுக்குப் போகாது. வெயிலுமுத்து எடுத்த டின்னை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எங்கே நசுங்கியிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அன்று ஹமீது பாய் கல்லாவில் இருந்து எழுந்தே வந்துவிட்டார். மேலப்பாளையத்துக்காரர். பட்டறை அவருடையது.

"வா தங்கச்சி. ஒரு விசயம் கேக்கணும். ஒம்ம வீட்டுக்காரரு என்ன, காசி ராமேசுரம் எங்கயும் போறாரா?"

"இல்லையே பாய். ஏன்?"

"கணபதி வருது, பொறவு தீவாளி. எண்ணெய்க்காரனுவ டப்பா கேட்டு உசிர எடுக்கானுவ. இவரு என்னடான்னா, ஆடி முடிஞ்ச பொறவு என்னைக் கணக்குல சேக்காதீங்க பாய்ங்காரு. ஏன்யான்னா சிரிக்காரு. பக்கத்துப் பட்டறைக்காரன் கூப்பிட்டானா? கூடக் குடுக்கேன்னானா?"

"அப்படியெல்லாம் இல்ல பாய்."

"இல்லைன்னா பின்ன என்னத்துக்கு, பழகுன கம்பிய எடுத்து வேலை பழகுத அந்தப் பொடியன் கையில குடுத்து, 'இதுக்குத்தான் கை பழகணும்'னு சொல்லுதாரு?"

தூக்குவாளியை வைத்துவிட்டு வடிவு கணவனைப் பார்த்தாள். அவன் காரத்தண்ணீரின் ஆவிக்கு அப்பால் குனிந்து, டின்னுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தக் கணக்கு தன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

*

நான்கு வருஷத்துக்கு முன் இதே ஆடியில், வெயிலுமுத்து அவர்களுடைய பத்துக்குப் பத்து ஒற்றையறைக் கோலியின் மூலையில் பாயோடு பாயாகக் கிடந்தான். டிபி. சாதாரண மாத்திரைக்கு அடங்காத வகை. ஊசி போட்டுப் போட்டு இரண்டு காதும் பாதி அவிந்துபோயிருந்தன. பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொன்னால்தான் விழும். இருமல் அவனை உட்கார வைக்காது, படுக்கவும் விடாது. தட்டு தனி, தம்ளர் தனி. தம்ளர் கலந்துவிடக் கூடாதென்று அதன் விளிம்பில் வடிவு ஆணியால் ஒரு கீறல் போட்டிருந்தாள். அதெல்லாம் தேவையில்லை என்று சுகாதார நர்ஸ் சொல்லியும் அவள் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அலமாரித் தட்டில் இருந்த இசக்கியம்மன் படத்தின் முன் நின்று, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் நாணயத்தை முடிந்து வைத்தாள். ஊரில் அவள் அம்மா அப்படித்தான் முடிந்து வைப்பாள். காரியம் நடந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் சேவல் என்பார்கள், பொங்கல் என்பார்கள். வடிவுக்கு எதையும் குறித்துச் சொல்லும் தெம்பு இல்லை. "இவுகளை எழுப்பி விடு தாயி. நீ என்ன கேட்டாலும் தாரேன்" என்றுமட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானம் மழைக்குள் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். சிவப்புச் சுடிதார். முகத்தில் மாஸ்க், கண் மட்டும் தெரிந்தது. தோளில் நீளமான துணிப்பை. தாராவியில் கேட்கிற தமிழாக இல்லாமல், வேறு ஏதோ தமிழில், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தர்றேளா?" என்று கேட்டாள். வடிவு கொடுத்த தண்ணீரைக் கைப்பிடிச் சுவரோரம் தள்ளி நின்று குடித்தாள். பெயர் வந்தனா என்றாள். வியாதிக்காரர்களிடம் சில கேள்விகள் கேட்டு ஆராய்ச்சிக்கு எழுதிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

பைக்குள் இருந்து ஒரு பலகையை எடுத்தாள். முழங்கை நீளம் இருக்கும். அதில் மேலே ஒரு சிவப்புக் கோடு, ஒன்று முதல் பத்து வரை. கீழே ஒரு கம்பி, அதில் பூஜ்யம் முதல் பத்து வரை. கம்பியில் ஒரேயொரு நீலப் பாசிமணி நகர்ந்தது.

அவள் வெயிலுமுத்துவின் முன் குனிந்து உரக்கச் சொன்னாள். "மேல இருக்கிறது இப்போ இருக்கற மாதிரி, இந்த வியாதியோட பத்து வருஷம். கீழ இருக்கிறது ஒரு வியாதியும் இல்லாம, பூர்ண ஆரோக்கியம். ஆனா வருஷம் கம்மியா இருக்கும். எத்தனை வருஷம் கிடைச்சா இந்தப் பத்தை விட்டுடுவேள்? பாசியை நகர்த்திக் காட்டுங்கோ."

அவன் கையை நீட்டினான். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கை பாதியில் சுருண்டு நெஞ்சுக்குப் போனது. சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.

"கூட இருக்கிறவாளும் சொல்லலாம். அவருக்குப் பதிலா நீங்க சொல்லுங்கோ," என்றாள் அந்தப் பெண்.

வடிவு பாசியைப் பத்தில் இருந்து தள்ளிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் ஒவ்வோர் எண்ணிலும் மெல்லக் கேட்டாள்: இது போதுமா? இன்னும் விட்டுக்கொடுப்பேளா? காலையில் சொன்ன சொல் வடிவின் வாயில் இன்னும் ஈரமாக இருந்தது. என்ன கேட்டாலும் தாரேன். நான்கில் அவள் விரல் நின்றது.

"நாலு வருசம் நல்லா இருந்தாப் போதும்," என்றாள். "மிச்சத்த எடுத்துக்கிடுங்க."

அந்தப் பெண் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் வார்டு ஆஸ்பத்திரிக்குப் புது மாத்திரை வந்தது. ஊசி இல்லை. வெயிலுமுத்துவுக்குச் சதை பிடித்தது. முதலில் சந்துவரை நடந்தான், பிறகு குடிநீர்க் குழாய்வரை. பிறகு ஒருநாள் கம்பியைத் தேடினான். கோலியில் எல்லோரும் சிரித்தார்கள், மகள் கலைச்செல்வி கேக் வாங்கி வந்தாள். வடிவும் சிரித்தாள். ஆனால் மஞ்சள் முடிச்சை அவள் ஊருக்குக் கொண்டுபோகவே இல்லை. கொண்டுபோய்ச் சேர்த்தால் பேரம் முடிந்ததாகிவிடும். கீறல் தம்ளரையும் தூர எறியத் துணியவில்லை. பழைய வேட்டித் துண்டில் சுற்றி மேல்பலகையில் போட்டு வைத்தாள்.

*

ஹமீது பாய் கேட்ட அன்றே பொழுது சாய்கிற நேரத்தில் மழை விட்டிருந்தது. கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கலைச்செல்வி வடாலாவில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். இன்னும் வரவில்லை. வெயிலுமுத்து கூரைத் தகரத்தின் மூலையில் தார் வைத்து அடைத்துக்கொண்டிருந்தான். ஒழுகாத இடத்திலும் அடைத்தான்.

"அங்கதான் ஒழுகலையே," என்றாள் வடிவு, அவன் காதுக்கு எட்டும்படி.

"அடுத்த வருசம் ஒழுகும்ளா."

"அடுத்த வருசம் ஒழுகுனா அடுத்த வருசம் அடைங்க."

அவன் தாரை விரலால் தேய்த்தான்.

"பாய் சொன்னாரு. தீவாளி வேலைக்கு வரமாட்டேன்னியளாம்."

"அந்தாளுக்கு வாயி ஓட்ட. அவரு டப்பாவ மாதிரி."

"சிரிக்க வச்சு மழுப்பாதீங்க. போன மாசம் கலையக் கூட்டிட்டுப் போயி பேங்குல அவ பேரையும் சேத்திய. பழகுன கம்பியப் பொடியனுக்குக் குடுத்திய. இப்பத் தகரம். என்ன நெனப்புல செய்யுதிய?"

அவன் ஸ்டூலில் இருந்து இறங்கிக் கையை மண்ணெண்ணெயில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"எனக்குக் காதுதானடி அவிஞ்சு போச்சு," என்றான். "கண்ணுக்கு என்ன. அந்தப் பிள்ள பலகையக் காட்டி என்கிட்டத்தான் மொதல்ல வெவரம் சொல்லிச்சு. அது கேட்டுச்சு. நீ சொன்னது கேக்கல. இருமல் அடங்கித் திரும்பினப்ப ஒன் வெரலு எங்க நின்னுதுன்னு பாத்தேன்."

வடிவு கரண்டியை வைத்தாள். அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. குழம்பு விளிம்பில் பொங்கி வழிந்து சீறியது. அவனே வந்து அணைத்தான்.

"இத்தன நாளும் ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"ஏளா. அழுவாத. நான் கைய நீட்டுனேன்லா, அப்ப எங்க வைக்கப் போனேன் தெரியுமா? ரெண்டுல. ரெண்டு வருசம் மூச்சு முட்டாம நடந்தாப் போதும்னு இருந்துச்சு. நீதான் நாலு வாங்கித் தந்த. எனக்குக் கூடுதலா ரெண்டு வருசம் ஒன்னால."

"அது யாரோ படிச்ச பிள்ள கேட்டுட்டுப் போனது. அதுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல," என்றாள் வடிவு. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லாதது குரலில் தெரிந்தது.

"ஒண்ணுமில்லைன்னா நீ ஏன் தெனம் சந்து முக்குல நின்னு காது குடுக்க? பொடியன் பாத்துட்டு வந்து சொல்லுதான், சித்தி அங்கன நிக்கி, நிக்கின்னு."

அவன் அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கதவுக்கு வெளியே யாரோ குடத்தை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"ராத்திரி இல்ல. காலையில எந்திரிச்சு ஒடம்பு நல்லா இருக்கும்லா, அப்பந்தான்."

*

கலைச்செல்விக்கு விஷயம் தெரிந்ததும் அவள் முதலில் கோபப்பட்டாள். "பாகல் ஆயிட்டியளா ரெண்டு பேரும், பைத்தியமா? அது சர்வே. எங்க கடைக்கும் வாராங்க, எந்த சோப்பு பிடிக்கும்னு கேக்காங்க. அதுக்காக சோப்பு வந்து கழுத்தப் பிடிக்குமா?" என்றாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய போனைத் தேடி எடுத்து, வந்தனா அன்று கொடுத்துப் போய், 'சர்வே தீதி', சர்வே அக்கா, என்று பதிந்து வைத்திருந்த எண்ணுக்கு அடித்தாள். வந்தனா எடுத்தாள். மாட்டுங்காவில் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொல்லி வரச் சொன்னாள்.

பூக்கடைகளைத் தாண்டிப் பழைய மாடிக் கட்டடம். மூன்றாம் மாடிக் கதவு திறந்ததும் வடிவு ஓரடி பின்னால் வைத்தாள். சிவப்பு உடையில் வந்தனா நின்றாள், இடுப்பில் ஒரு பிள்ளையோடு. அலமாரித் தட்டில் இருந்த அம்மன் படத்திலும் அப்படித்தான் சிவப்பு உடையும் இடுப்பில் பிள்ளையும் இருக்கும். வடிவின் கைகள் தாமாகவே குவிந்தன. கலைச்செல்வி அம்மாவின் முழங்கையை இடித்தாள்.

"உள்ள வாங்கோ. நன்னா நனைஞ்சுட்டேளே," என்றாள் வந்தனா.

அவளுடைய அம்மா அம்மிணி காபி கொண்டுவந்து வைத்தாள். "தாராவியா? இந்த மழையில ரயில் ஓடறதா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். பிள்ளை போக மறுத்தது.

"தீதி, மம்மிக்குக் கொஞ்சம் சமஜாயிச்சு, புரியும்படியா சொல்லுங்க," என்றாள் கலைச்செல்வி. "நாலு வருசமா மனசுல வச்சிட்டு இருக்கு. எங்கப்பா இந்த மாசத்தோட..."

வந்தனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சிரிக்கவில்லை.

"அக்கா, நான் கேட்டது நிஜக் கேள்வி இல்லை," என்றாள். "கவர்மெண்டால எல்லா மருந்தும் வாங்க முடியாது. எதை வாங்கினா ஜனங்களுக்கு ஜாஸ்தி பிரயோஜனம்னு பாக்கணும். அதுக்கு ஒரு வியாதி எவ்வளவு கஷ்டம்னு அளக்கணும். காய்ச்சல்னா தெர்மாமீட்டர் இருக்கு. கஷ்டத்துக்கு என்ன இருக்கு? அதனால இப்படிக் கேப்போம், ஆரோக்கியத்துக்காக ஆயுசுல எவ்வளவு விட்டுக்கொடுப்பேள்னு. ஜாஸ்தி விட்டுக்கொடுத்தா வியாதி அவ்வளவு கொடுமைன்னு அர்த்தம். உங்க பதில், இன்னும் எத்தனையோ பேர் பதில், எல்லாம் சேர்த்து ஆவரேஜ் எடுப்போம். அவ்வளவுதான். யாரோட ஆயுசும் அதுல இல்லை."

"கூடுதலா விட்டுக்குடுத்தா என்ன செய்வீங்க தாயி?"

"அந்த வியாதியைப் போக்கற மருந்துக்கு மதிப்பு ஜாஸ்தியாகும். விலை அதிகமானாலும் வாங்கலாம்னு எழுதுவோம்."

"எழுதினியளா?"

"எழுதினோம்."

"மாத்திரை வந்துச்சு."

"வந்தது. ஆனா அதுக்கு நூறு காரணம் இருக்கு. எங்க ரிப்போர்ட் அதுல ஒண்ணு. எவ்வளவு பேர் படிச்சாளோ."

"நாங்க ஒண்ணும் விட்டுக்குடுக்க மாட்டோம்னு சொல்லியிருந்தா?"

வந்தனா பிள்ளையை ஓர் இடுப்பில் இருந்து மற்றதுக்கு மாற்றினாள். "நீங்க ஒருத்தர் சொன்னா ஒண்ணும் ஆகியிருக்காது. எல்லாரும் அப்படிச் சொல்லியிருந்தா..." அவள் நிறுத்தினாள். வாக்கியம் எங்கே போய் முடியும் என்பதை அப்போதுதான் பார்த்தவள்போல் இருந்தாள்.

"அப்ப, குடுத்ததுக்குத்தான் கெடச்சிருக்கு," என்றாள் வடிவு. குற்றம் சொல்கிற தொனி இல்லை. ஒரு சந்தேகம் தீர்ந்த தொனிதான்.

ஜன்னலில் மழை மறுபடி பிடித்தது. அம்மிணி மகளைப் பார்த்தாள். "என்னடி சொல்றா அவா?"

"ஒண்ணும் இல்லைம்மா."

கலைச்செல்வி காபித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டாள். "தீதி, நீங்க இல்லைன்னு சொல்லணும்," என்றாள். "அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"இல்லைதான்," என்றாள் வந்தனா. "நான் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கேன் கலை. செம்பூர்ல ஒருத்தர் பாசியைப் பூஜ்யத்துல கொண்டுபோய் வச்சுட்டு விரலை எடுக்கவே இல்லை. நான் இழுத்துப் பாத்தேன். வரலை. அதுக்கப்புறம் வீடு வீடாப் போற வேலையை விட்டுட்டேன். இப்போ கம்ப்யூட்டர்ல மத்தவா கொண்டுவர நம்பரை வச்சுக் கணக்கு போடறேன். அதுல விரல் தெரியாது."

வடிவு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "பலகை இருக்கா தாயி?"

"பரண்ல இருக்கும்."

"இன்னொரு தடவ கேளுங்க. அவுககிட்டயே கேளுங்க. அன்னைக்கு அவுகளால சொல்ல முடியாமப் போச்சு."

"இப்போ கேட்டா அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது அக்கா. எந்த ரிப்போர்ட்லயும் சேராது."

"சேர வேண்டாம். கேட்டாப் போதும்."

வந்தனா பிள்ளையின் காலைத் தடவினாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வரேன்," என்றாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது வடிவு திரும்பி, "இதே மாதிரி செவப்புலயே வாங்க," என்றாள்.

*

ஆடியின் கடைசி ஞாயிறு. பட்டறைகள் ஓய்ந்திருந்ததால் சந்தில் மழையின் சத்தம் மட்டும் இருந்தது. வந்தனா சிவப்புச் சுடிதாரில், அதே துணிப்பையோடு வந்தாள். வடிவு கேட்காமலே தண்ணீர் கொடுத்தாள். வந்தனா அதே இடத்தில் நின்று குடித்தாள்.

வெயிலுமுத்து சட்டை போட்டுத் தலை வாரி உட்கார்ந்திருந்தான். "பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு," என்றான். யாரும் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டான்.

பலகையின் சிவப்புக் கோடு மங்கியிருந்தது. கம்பி சற்றுத் தளர்ந்திருந்தது. பாசி மட்டும் அதே நீலம். வந்தனா அவன் முன் உட்கார்ந்து, குரலை உயர்த்தி, மனப்பாடமாக இருந்த கேள்வியைத் திரும்பச் சொன்னாள். மேலே அந்த வியாதியோடு பத்து வருஷம். கீழே பூரண ஆரோக்கியம், ஆனால் வருஷம் குறைவு. எத்தனை கிடைத்தால் அந்தப் பத்தை விட்டுவிடுவீர்கள்?

"அந்த வியாதின்னா, அதே இருமலா? அதே மூச்சா?"

"அதேதான் அண்ணா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த மூலையில் பாய் கிடந்த இடத்தில் இப்போது கலைச்செல்வியின் தையல் இயந்திரம் இருந்தது. அவன் அதன் பக்கம் முகத்தைத் திருப்பி, எதையோ மோந்து பார்ப்பதுபோல் மூச்சை இழுத்தான். இந்த நான்கு வருஷத்துக்குள் காலை வெயிலில் பட்டறைக்கு நடந்திருக்கிறான். தூக்குவாளி வரும். தகரத்தில் ஒடுக்கு எழும். ஒரு தடவை மகளோடு கடற்கரைக்குப் போய் நிற்காமல் நடந்திருக்கிறான்.

பிறகு விரலை வைத்தான். பாசி நான்கில் இருந்தது. வந்தனாதான் அங்கே வைத்திருந்தாள், வடிவு சொன்னபடி. அவன் அதை ஐந்துக்குத் தள்ளினான். ஆறு. ஏழு. வந்தனா ஒவ்வொன்றிலும் கேட்டாள், இது போதுமா என்று. அவன் தலையை ஆட்டினான். பாசி பத்தில் போய் முட்டியது.

"அண்ணா, பத்துல வச்சா, ஒரு வருஷம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்னு அர்த்தம். வியாதியோட இருந்தாலும் பரவாயில்லைன்னு."

"தெரியுதும்மா. ஒண்ணும் குடுக்கல. சீக்கோட இருந்தாலும் இருக்கேன். பத்தும் வேணும்."

"எப்பா," என்றாள் கலைச்செல்வி.

"சும்மா கெட. ஒனக்குத் தெரியாது."

அவன் விரலை எடுத்ததும் தளர்ந்த கம்பியில் பாசி மெல்லப் பின்னால் நழுவியது. வடிவு எட்டிப் பிடித்துவிட்டாள். அதைப் பத்தோடு அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் அலமாரித் தட்டைத் துழாவி மஞ்சள் முடிச்சை எடுத்தாள். பல்லால் கடித்து ஓரத்தில் ஒரு நூலை உருவினாள். பாசியைக் கம்பியோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். வந்தனா அது முடியும்வரை பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும்போது வந்தனா கலைச்செல்வியிடம், "வருஷத்துக்கு ஒரு தரம் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லு. மறக்காதே," என்றாள்.

*

ஆவணி பிறந்தது. முதல் நாள் காலை வெயிலுமுத்து எழுந்து, உட்கார்ந்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். பிறகு பட்டறைக்குப் போனான். ஹமீது பாய், "காசியில இருந்து சீக்கிரம் வந்துட்டீரே," என்று கேட்டதாக வந்து சொன்னான். பொடியனிடம் கொடுத்த கம்பியைத் திரும்ப வாங்கிவிட்டான். பொடியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானாம்.

பிள்ளையார் மண்டபங்களுக்குச் சந்தெல்லாம் மூங்கில் நடத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்து, கை கழுவக் குனிந்தவன் இருமினான். ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

கலைச்செல்வி போனில் இருந்து தலையைத் தூக்கினாள். வடிவு சோற்றுப் பானைக்கு மேல் கரண்டியோடு அப்படியே நின்றாள். நெஞ்சின் அடியில் இருந்து கிளம்பி, மேலே வந்து உடையாமல், திரும்ப உள்ளேயே இறங்கும் இருமல். காலடிச் சத்தத்தை வைத்து ஆளைத் தெரிந்துகொள்வதுபோல் அவளுக்கு அது தெரிந்தது.

"காரத்தண்ணி ஆவிதான்," என்றான் வெயிலுமுத்து.

"யம்மா, நாளைக்கே டெஸ்ட் எடுக்கணும்," என்றாள் கலைச்செல்வி. "இப்ப மிஷின் இருக்கு, ஜல்தி சொல்லிருவாங்க. ஆரம்பத்துலயே மாத்திரை போட்டா ஒண்ணும் ஆகாது. நீ பட்டறையில இருந்து நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் கடையில பர்மிஷன் கேட்டுட்டு அங்க வந்து நிக்கேன்."

"போலாம்ட்டி," என்றாள் வடிவு.

"போலாம்னா நாளைக்கு."

"போலாம், போலாம். என்ன அவசரம், பத்து வருசம் இருக்குல்லா."

வடிவு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்பலகையில் கையை விட்டு, வேட்டித் துண்டுச் சுருளை எடுத்தாள். தம்ளரைப் புளி போட்டு விளக்கினாள். கீறல் இருந்த இடத்தில் அழுக்கு ஏறியிருந்தது. அதை விரல் நகத்தால் சுரண்டி எடுத்தாள். சுடுதண்ணீர் ஊற்றிக் கணவன் கையில் கொடுத்தாள். அவன் விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு குடித்தான். கலைச்செல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் வடிவு தூக்குவாளியோடு கிளம்பினாள். அதற்குள் கீறல் தம்ளரும் இருந்தது. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கலைதான். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருப்பாள். அவள் எடுக்காமலே போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. மழை தார்ப்பாய்களில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது.

சந்து திரும்பும் இடம் வந்தது. ஒரு தட்டு. இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஓர் இருமல். பிறகு அடுத்த தட்டு.

அன்று அவள் அங்கே நிற்கவில்லை.